டிக்கன்ஸ் மறைத்ததையெல்லாம் காட்டும் வாடகை வீடு

லண்டன், டௌட்டி தெரு, கதவு எண் 48. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளின் வரிசையில் இதுவும் ஒன்று. 1837 மார்ச் மாதக் கடைசியில் 25 வயது இளைஞர் ஒருவர் தன் மனைவி, மூன்று மாதம்கூட நிறையாத கைக்குழந்தை, தம்பி ஆகியோருடன் இங்கே குடிவந்தார். வாடகை வருஷத்துக்கு 80 பவுண்ட். மூன்று வருஷ ஒப்பந்தம்.

அந்த இளைஞர் சார்லஸ் டிக்கன்ஸ். ஒப்பந்தம் முடியும் முன்பே, 1839 டிசம்பரில், இதைவிடப் பெரிய வீட்டுக்குப் போய்விட்டார். 58 வருஷ வாழ்க்கையில் மூன்று வருஷம்கூட இருக்காத இந்த வீடுதான் இன்று சார்லஸ் டிக்கன்ஸ் மியூசியம்.

ஏன் இந்த வீடு? காரணம் ரொம்ப சாதாரணமானது. லண்டனில் அவர் குடும்பத்தோடு வாழ்ந்த வீடுகளில் இன்றுவரை இடிபடாமல் நிற்பது இது ஒன்றுதான். பத்து வருஷத்துக்கு மேல் இருந்த டெவன்ஷயர் டெரஸ் வீடு போய்விட்டது. அதற்குப் பிறகு வாழ்ந்த டாவிஸ்டாக் ஹவுஸும் போய்விட்டது. டௌட்டி தெரு வீடும் 1920-களில் ஒரு தங்கும் விடுதியாகக் கிடந்து, இடிக்கப்படும் நிலைக்கு வந்தது. டிக்கன்ஸ் வாசகர்களின் அமைப்பான டிக்கன்ஸ் ஃபெல்லோஷிப் 1923-ல் அதை வாங்கிக் காப்பாற்றியது. 1925 ஜூன் 9-ம் தேதி, அவருடைய நினைவு நாளில், பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

தனக்கு நினைவுச் சின்னம் எதுவும் எழுப்பக் கூடாது என்று டிக்கன்ஸ் உயிலிலேயே எழுதி வைத்திருந்தார். தன் வாழ்க்கையில் எது வெளியே தெரியலாம், எது தெரியக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்த எழுத்தாளர் குறைவு. அவர் ஒளித்து வைத்த விஷயங்களில் பல இன்று இந்த வீட்டுக்குள் பார்வைக்கு இருக்கின்றன.

ஒரே நேரத்தில் இரண்டு தொடர்கதைகள்

மியூசியத்துக்கு இப்போது பக்கத்து வீடான 49-ம் எண் வழியாக நுழைகிறார்கள். கீழ்த்தளத்தில் சாப்பாட்டு அறை, அதற்கும் கீழே சமையலறையும் துணி வெளுக்கும் அறையும். முதல் மாடியில் வரவேற்பறையும் எழுதும் அறையும்.

அவர் இங்கே குடிவந்தபோது ‘பிக்விக் பேப்பர்ஸ்’ பாதிக்கு மேல் வந்திருந்தது. மாதம் ஒரு பகுதி, விலை ஒரு ஷில்லிங். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரிதான், ஆனால் பத்திரிகைக்குள் இல்லாமல் தனிச் சிறு புத்தகமாக வரும். முழு நாவலை விலை கொடுத்து வாங்க முடியாதவரும் மாதம் ஒரு ஷில்லிங் கொடுத்துப் படித்துவிடலாம். ஆயிரம் பிரதிகளில் தொடங்கிய விற்பனை, கதை முடியும்போது மாதம் 40,000 பிரதிகளைத் தொட்டிருந்தது. அது முடிவதற்குள்ளேயே ‘ஆலிவர் ட்விஸ்ட்’ தொடங்கிவிட்டது. ஆலிவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘நிக்கோலஸ் நிக்கிள்பி’. ஒரு கதையின் கெடு முடிந்த கையோடு அடுத்த கதையின் கெடு. இன்றைக்கு இரண்டு ப்ராஜெக்ட்டை ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு அந்த நிலைமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒருநாள் மாலை வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். டிக்கன்ஸ் உள்ளே போய்க் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்து, மூலையில் ஒரு சின்ன மேசையில் உட்கார்ந்தார். நீங்கள் பாட்டுக்குப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு ஆலிவரைத் தொடர்ந்தார். நடுநடுவே அவர்கள் பேச்சிலும் கலந்துகொண்டாராம். அன்று அங்கே இருந்த உறவினர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்த காட்சி இது.

எழுதும் அறையில் இன்று இருக்கும் மேசை அந்தக் காலத்தது அல்ல. அவருடைய கடைசி வீட்டில் இருந்தது. ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ அதன் மேல்தான் எழுதப்பட்டது. 2015-ல் 7,80,000 பவுண்ட் அரசு நிதியுதவியில் மேசையும் நாற்காலியும் மியூசியத்துக்கு வந்தன. 80 பவுண்ட் வாடகை வீட்டுக்குள் அப்படி ஒரு மேசை!

இங்கே இருக்கும் ஓர் ஓவியமும் நின்று பார்க்க வேண்டியது. டிக்கன்ஸ் நாற்காலியில் கண்ணயர்ந்திருக்க, அவருடைய கதாபாத்திரங்கள் காற்றில் மிதக்கிறார்கள். வரைந்தவர் ராபர்ட் பஸ். பிக்விக்குக்குப் படம் போட வந்து, படம் சரியில்லை என்று சீக்கிரமே கழற்றிவிடப்பட்டவர். டிக்கன்ஸ் இறந்த பிறகு அதே மனிதர் இதை வரையத் தொடங்கி, முடிக்காமலே இறந்துபோனார். பாதி உருவங்கள் இன்னும் வண்ணம் பூசப்படாமல் நிற்கின்றன.

மேரியின் அறை

இரண்டாவது மாடியில் படுக்கையறையை அடுத்து ஓர் அறை. கேத்தரினின் தங்கை மேரி ஹோகார்த் வந்தால் தங்குவது அங்கேதான். வயது 17. அக்கா வீட்டுக்கு அடிக்கடி வந்து தங்குவாள். அத்தானுக்கும் அவள்மேல் கொள்ளைப் பாசம்.

1837 மே 6, சனிக்கிழமை. குடிவந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மூவரும் நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். மேரி மாடியேறித் தன் அறைக்குப் போன சற்று நேரத்தில் மயங்கி விழுந்தாள். மறுநாள் பிற்பகல் டிக்கன்ஸின் கைகளிலேயே உயிர் போனது.

கெடு தவறாத டிக்கன்ஸ் அந்த மாதம் பிக்விக்கையும் எழுதவில்லை, ஆலிவரையும் எழுதவில்லை. ஜூன் மாதம் இரண்டும் வெளிவரவில்லை. மேரியின் விரலிலிருந்து கழற்றிய மோதிரத்தைக் கடைசிவரை போட்டிருந்தார். அவள் கல்லறையிலேயே தன்னையும் புதைக்க வேண்டும் என்று விரும்பினார். நாலு வருஷம் கழித்து மேரியின் தம்பி இறந்து, அந்த இடம் அவனுக்குப் போனபோது மறுபடியும் உடைந்துபோனார். அவருடைய நாவல்களில் இளம்பெண்கள் ஏன் இப்படிக் குற்றமே இல்லாத தேவதைகளாக இருக்கிறார்கள், ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று சலித்துக்கொள்ளும் வாசகர்கள் உண்டு. அவர்கள் இந்த அறைக்கு ஒருமுறை வந்து போகலாம்.

குழந்தைகள் அறையில் ஒரு சிறைக் கம்பி

மேலே ஏறினால் குழந்தைகள் அறை. இந்த வீட்டில் டிக்கன்ஸுக்கு இரண்டு மகள்கள் பிறந்தார்கள். தொட்டிலும் பொம்மையும் இருக்க வேண்டிய அந்த அறையில் ஒரு பழைய இரும்புக் கம்பித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அது மார்ஷல்சீ சிறையிலிருந்து வந்தது.

1824-ல் நடந்த கதை அது. அப்பா ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. சம்பளம் மோசமில்லை, ஆனால் செலவு அதைத் தாண்டியது. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக அடகுக்குப் போனது. பையன் ஆசையாகப் படித்த நாவல்களும் போயின. கடைசியில் ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்ட் 10 ஷில்லிங்குக்காக ஜான் கைதானார்.

கடனுக்குச் சிறையா என்று கேட்கலாம். அன்றைய இங்கிலாந்தில் சட்டம் அப்படித்தான். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டால் உள்ளே தள்ளிவிடலாம். இத்தனை மாதம் தண்டனை என்ற கணக்கு கிடையாது, கடன் தீரும் வரை இருக்க வேண்டியதுதான். உள்ளே இருப்பவர் எப்படிச் சம்பாதித்துக் கடனை அடைப்பார் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. குடும்பம் கூடவே போய்ச் சிறையில் தங்கலாம், பகலில் வெளியே போய் வரலாம், இரவு கதவை மூடிவிடுவார்கள். வாடகை கொடுக்க வழியில்லாத அம்மா, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மார்ஷல்சீக்கே குடிபோனார்.

சார்லஸ் போகவில்லை. கைதுக்குச் சில நாள் முன்புதான் அவனை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். தேம்ஸ் கரையில், இன்றைய சேரிங் கிராஸ் ரயில் நிலையம் இருக்கும் பகுதியில், எலி ஓடும் ஒரு பழைய கட்டடம். ஷூ பாலிஷ் டப்பாக்களை மூடிக் கட்டி லேபிள் ஒட்டுகிற வேலை. தினம் பத்து மணி நேரம், வாரம் ஆறு ஷில்லிங். வயது 12 நிறைந்து சில நாள்தான். அக்கா ஃபேனி அதே ஊரில் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பையன் சிறைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் தனியாகத் தங்கி, காலை உணவுக்குச் சிறைக்குப் போய்விட்டு வேலைக்குப் போவான்.

மூன்று மாதத்தில் அப்பா திவால் சட்டத்தின்படி வெளியே வந்தார். பையனின் வேலை மட்டும் உடனே நிற்கவில்லை. பிறகு அப்பா, வேலை கொடுத்த உறவினரோடு சண்டை போட்டு அவனை நிறுத்தினார். அம்மா சமாதானம் பேசி மறுபடியும் அனுப்பப் பார்த்தார். அப்பா கேட்காமல் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். ஊதாரி அப்பாவை டிக்கன்ஸ் மன்னித்துவிட்டார். ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் எப்போதும் கடனில் தவித்து, எப்போதும் நாளை நல்ல காலம் வரும் என்று நம்பும் மிக்காபர் அந்த அப்பாதான். அம்மாவை மன்னிக்க அவருக்கு மனம் வரவில்லை. கையில் காசில்லாமல் குழந்தைகளோடு சிறையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு வாரம் ஆறு ஷில்லிங் எவ்வளவு பெரிய தொகை என்பது, ஏழைகளைப் பற்றி அவ்வளவு எழுதியவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

இந்தக் கதையை அவர் நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் சொன்னார். பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. டிக்கன்ஸ் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவரத் தொடங்கியபோதுதான் வாசகர்களுக்கும் பிள்ளைகளுக்கும் விஷயம் தெரிந்தது. ஆலிவரின் பசி எங்கிருந்து வந்தது என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

விடாத கடன்

ஃபாக்டரியிலிருந்து டௌட்டி தெருவுக்கு வந்த பாதை சுருக்கமாக இதுதான்: கொஞ்ச நாள் பள்ளி, 15 வயதில் வக்கீல் ஆபீஸ் எடுபிடி, சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு நாடாளுமன்ற நிருபர், பத்திரிகைகளில் லண்டன் தெருக் காட்சிகள், பிறகு பிக்விக். 12 வயதில் லேபிள் ஒட்டியவர் 25 வயதில் 12 அறை வீட்டில். தெருவின் இரண்டு முனையிலும் கேட், சீருடைக் காவலாளி. நம் ஊர் கேட்டட் கம்யூனிட்டி மாதிரி.

ஆனால் கடன் அந்த கேட்டைத் தாண்டியும் வந்தது. மகன் பெயர் பிரபலமானதும் அப்பா அந்தப் பெயரைச் சொல்லிப் பதிப்பாளர்களிடமே கைமாற்று வாங்க ஆரம்பித்தார். 1839-ல் டிக்கன்ஸ் பெற்றோரை லண்டனிலிருந்து கிளப்பி, டெவன் பகுதிக் கிராமம் ஒன்றில் வீடு பார்த்துக் குடிவைத்தார். அப்படியும் நிற்கவில்லை. 1841-ல், குடும்பத்தார் வாங்கும் கடனுக்குத் தான் பொறுப்பல்ல என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த தலைமுறையும் தப்பவில்லை. மூத்த மகன் காகித ஆலைத் தொழிலில் இறங்கி 1868-ல் திவாலானார். இன்னொரு மகன் வால்டர் 16 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து 1857-ல் இந்தியா வந்தார். அது சிப்பாய்ப் புரட்சி நடந்த வருஷம். அந்தச் சமயத்தில் டிக்கன்ஸ் தோழி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தன் கையில் அதிகாரம் இருந்தால் இந்தியர்களைப் பூண்டோடு அழித்துவிடுவேன் என்ற தொனியில் கொட்டித் தீர்த்திருந்தார். லண்டன் ஏழைக் குழந்தைக்கு உருகிய மனசு கடல் தாண்டவில்லை. வால்டர் 1863 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில், 22 வயதில் இறந்தார். செய்தி டிக்கன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது பிப்ரவரி 7, அவருடைய பிறந்த நாளன்று. பின்னாலேயே மகன் விட்டுப்போன கடன்களின் கணக்கும் வந்தது.

கதவை அடைத்த கதை

கேத்தரினும் டிக்கன்ஸும் 1836 ஏப்ரலில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். 16 வருஷத்துக்குள் பத்துக் குழந்தைகள், ஒன்று கைக்குழந்தையாகவே இறந்தது. இதற்கு நடுவில் கேத்தரின் புனைபெயரில் ஒரு சமையல் குறிப்புப் புத்தகமும் எழுதினார். நீண்ட காலம், டிக்கன்ஸ் பற்றி எழுதியவர்கள் அவரை மந்தமான, எதற்கும் லாயக்கில்லாத மனைவியாகவே காட்டினார்கள். அந்தச் சித்திரத்தை முதலில் வரைந்தவர் கணவர்தான்.

1857-ல் நாடக நடிகை எலன் டெர்னனை டிக்கன்ஸ் சந்தித்தார். எலனுக்கு 18 வயது, டிக்கன்ஸுக்கு 45. அந்த வருஷம் அக்டோபரில், தன் உடைமாற்றும் அறைக்கும் மனைவி படுக்கும் அறைக்கும் இடையில் இருந்த கதவை அடைத்துவிடச் சொல்லி வேலைக்காரப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். ஏழெட்டு மாதத்தில் குடும்பமே பிரிந்தது. கேத்தரினுக்கு வருஷம் 600 பவுண்டும் தனி வீடும். மூத்த மகன் மட்டும் அம்மாவோடு போனார். மற்ற பிள்ளைகள் அப்பாவிடம். கேத்தரினின் இன்னொரு தங்கை ஜார்ஜினாவும் அக்காவோடு போகாமல் டிக்கன்ஸ் வீட்டை நிர்வகிக்க இருந்துவிட்டார்.

வதந்தியை அடக்க டிக்கன்ஸ் ‘தி டைம்ஸ்’ நாளிதழிலும் தன் சொந்தப் பத்திரிகையிலும் அறிக்கை வெளியிட்டார். அதுவரை தெரியாதவர்களுக்கும் அதைப் படித்துத்தான் தெரிந்தது. இன்னும் மோசமான ஒரு விஷயம் 2019-ல் வெளியே வந்தது. கேத்தரினின் கடைசிக் காலத்துப் பக்கத்து வீட்டுக்காரரான ஒரு பத்திரிகையாளர், அவர் தன்னிடம் சொன்னதை நண்பருக்குக் கடிதங்களில் எழுதியிருந்தார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகச் சேகரிப்பில் இருந்தன அந்தக் கடிதங்கள். மனைவியை மனநோய்க் காப்பகத்தில் சேர்க்க டிக்கன்ஸ் முயன்றார் என்பது அதில் இருந்த தகவல். கேத்தரினிடம் மனநோய் எதுவும் இல்லாததால் அந்த முயற்சி பலிக்கவில்லை.

பிரிவுக்கு முன்பே, 1856-ல், டிக்கன்ஸ் தன் வாழ்க்கையிலேயே முதன்முறையாகச் சொந்த வீடு வாங்கியிருந்தார். கென்ட் பகுதியில் காட்ஸ் ஹில் பிளேஸ். சின்ன வயதில் அப்பாவோடு நடந்து போகும்போது கண்ட வீடு. நன்றாக உழைத்தால் ஒருநாள் நீ இதில் வாழலாம் என்று அப்பா சொல்லியிருந்தாராம். அந்த வீட்டுத் தோட்டத்தில் 1860 செப்டம்பரில் ஒரு பெரிய தீ மூட்டினார். இருபது வருஷத்துக்கு மேல் தனக்கு வந்த கடிதங்களைப் பிள்ளைகள் கூடை கூடையாகத் தூக்கி வந்து போட, அவர் எரித்தார். தீ அடங்கிய சாம்பலில் பையன்கள் வெங்காயம் சுட்டுச் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு பத்து வருஷம் அவர் பெரும்பாலும் மேடையில் கழித்தார். தன் கதைகளைத் தானே நடித்துப் படிக்கும் நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் அலைமோதியது. இதற்காக அவர் தனியாகச் செய்து வாங்கிய மேசையும் டௌட்டி தெருவில் இருக்கிறது. கேட்பவர்களை அதிகம் உலுக்கியது ஆலிவர் ட்விஸ்டில் நான்சி கொலையாகும் கட்டம். படித்து முடிக்கும்போது நாடித் துடிப்பு எகிறும், டாக்டர் பக்கத்திலேயே நிற்பார். விடச் சொன்னார்கள், விடவில்லை. எத்தனை சம்பாதித்தாலும் போதாது என்ற பயம் அந்த 12 வயதிலிருந்து கூடவே வந்திருக்க வேண்டும்.

1870 ஜூன் 9-ம் தேதி காட்ஸ் ஹில்லில் இறந்தார். உயிலில் முதல் பெயரே எலன் டெர்னன், 1,000 பவுண்ட். சத்தமில்லாமல் புதைக்கச் சொல்லியிருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், அதிகாலையில், பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் இருக்க அடக்கம் நடந்தது. கேத்தரினை அழைக்கவில்லை.

கேத்தரின் ஒன்பது வருஷம் கழித்து, 1879-ல் இறந்தார். அவர் எதையும் எரித்திருக்கவில்லை. காதலித்த காலம் முதல் கணவர் தனக்கு எழுதிய கடிதங்களை மகள் கேட்டிடம் கொடுத்து, பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்த்துவிடு என்றார். ஒருகாலத்தில் அவர் என்னை நேசித்தார் என்று உலகத்துக்குத் தெரியட்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். டௌட்டி தெருவில் பிறந்த அந்த மகள் சொன்னபடி செய்தார். 1935-ல் அவை புத்தகமாகவும் வந்தன. 2016-ல் டௌட்டி தெரு மியூசியம் கேத்தரினுக்கென்றே ஒரு தனிக் கண்காட்சி நடத்தியது.

டிக்கன்ஸ் கேத்தரினுக்கு எழுதியவற்றில் ஒன்று 1838 பிப்ரவரி 1-ம் தேதியிட்டது. நிக்கிள்பி நாவலுக்காக யார்க்ஷயர் பக்கத்து விடுதிப் பள்ளிகளை நேரில் பார்க்கப் போயிருந்தார். கொட்டும் பனியில் குதிரை வண்டிப் பயணம், சத்திரத்தில் போய்ச் சேர்ந்தபோது எரிந்துகொண்டிருந்த கணப்பு, சாப்பிட்ட சாப்பாடு என்று வழியில் நடந்ததையெல்லாம் மனைவிக்கு உற்சாகமாக விவரித்திருக்கிறார். கேத்தரின் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அந்தக் கடிதத்துக்காக அவர் காத்திருந்தது இந்த 48-ம் எண் வீட்டில்.